நெடுங்கற்களும் ஞாயிற்றுத் திசையும்: சாத்தாங்காட்டு அகலாங்கை அளவுகோலாகக் கொண்ட ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்தியப் பெருங்கற்காலச் சின்னங்களுள் சில, கதிர்த்திருப்ப நாட்களிலும் சமஇரவு நாட்களிலும் ஞாயிறு தோன்றும் அல்லது மறையும் திசையை நோக்கி அமைக்கப்பட்டவை என்னும் கருத்து ஆய்வுலகில் வலுப்பெற்று வருகிறது. இக்கருத்தைத் தமிழகக் கற்களுக்குப் பொருத்திப் பார்க்கும்போது கைக்கொள்ள வேண்டிய அளவைகளை இக்கட்டுரை விளக்குகிறது. வடசென்னையின் சாத்தாங்காட்டு அகலாங்கு (வடக்கு 13 பாகை 10 கலை) கணக்கீட்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. வெப்பமண்டலத்தில் ஞாயிற்றின் எழுதிசை எல்லை குறுகியது. தமிழ் மாதப் பிறப்புகள் இன்று கதிர்த்திருப்பத்தோடும் சமஇரவோடும் ஒத்து நிகழ்வதில்லை. தற்செயல் பொருத்தங்கள் எண்ணிக்கையில் மிகுதி. இம்மூன்றையும் கருதாத முடிவுகள் நிலைபெறா என்பதும், தனிக் கற்களைக் காட்டிலும் ஈமச் சின்னங்களின் இடுதுளைத் திசைகளும் நண்பகல் நிழலும் தமிழகத்திற்கு ஏற்ற ஆய்வுக் களங்கள் என்பதும் இதன் முடிவுகளாகும்.

குறிச்சொற்கள்: நெடுங்கல், கல்வட்டம், இடுதுளை, கதிர்த்திருப்பம், சமஇரவு நாள், திசைக்கோணம், நிழற்கோல், தொல்வானியல்.

முன்னுரை

நிறுத்தப்பட்ட கல்லொன்றின் பின்னிருந்து ஞாயிறு எழும் காட்சி காண்போரை எளிதில் ஈர்க்கும். அக்காட்சியை ஒரு நிழற்படம் மெய்ப்பிப்பதுபோலவும் தோன்றும். ஆயினும், ஓராண்டில் ஏதேனும் ஒரு நாளில், ஏதேனும் ஓரிடத்தில் நின்று நோக்கினால், எந்தக் கல்லின் பின்னிருந்தும் ஞாயிறு எழுவதைக் காணவியலும். எனவே ஆய்வுக்குரிய வினா, ஞாயிறு அங்கே தோன்றுகிறதா என்பதன்று. கல்லை நட்டோர் அத்திசையைக் கருதியே நட்டனரா என்பதாகும்.

இவ்வினா வெறும் கோட்பாட்டு வினா அன்று. பெருங்கற்காலச் சின்னங்கள் கல்லுடைப்பாலும் மனைப்பிரிவுகளாலும் விரைந்து அழிந்து வருகின்றன. ஒரு சின்னம் அழியுமுன் எடுக்கப்படும் அளவே அதற்குரிய இறுதிச் சான்றாகிவிடுகிறது. அவ்வளவு பிழையாக அமைந்தால் பின்வரும் ஆய்வாளர் மீண்டும் சென்று திருத்த அங்குக் கல் இராது. ஆகவே அளக்கும் முறையும் அளவை மதிப்பிடும் முறையும் முதலில் தெளிவுற வேண்டும்.

1. எழுதிசையின் எல்லைகள்

ஞாயிறு ஆண்டு முழுவதும் ஒரே புள்ளியில் எழுவதில்லை. ஜூன் 21 அளவில் வடகோடியிலும் டிசம்பர் 21 அளவில் தென்கோடியிலும் எழுந்து திரும்புகிறது. இவ்விரு திருப்பங்களும் கதிர்த்திருப்பங்கள் எனப்படும். மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாட்களையொட்டி நேர்கிழக்கில் எழுகிறது. இவை சமஇரவு நாட்கள். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படும் கிடைக்கோணம் இங்குத் திசைக்கோணம் எனக் குறிக்கப்படுகிறது. நேர்கிழக்கு 90 பாகை.

சாத்தாங்காட்டில், கடல் போன்ற சமமான அடிவானத்தில், ஞாயிற்றின் எழுதிசைகள் பின்வருமாறு அமையும்:

ஜூன் கதிர்த்திருப்பம்: 65.9 பாகை (கிழக்கிலிருந்து வடக்கே 24.1 பாகை)
சமஇரவு நாட்கள்: 90 பாகை
டிசம்பர் கதிர்த்திருப்பம்: 114.1 பாகை (கிழக்கிலிருந்து தெற்கே 24.1 பாகை)

ஆக, ஞாயிறு ஆண்டு முழுவதும் உலவும் எழுதிசை வில் 48 பாகை மட்டுமே. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சு அமைந்துள்ள அகலாங்கில் இவ்வில் ஏறத்தாழ 79 பாகை. அங்கு வகுக்கப்பட்ட நெறிகளைத் தமிழகத்திற்கு அப்படியே கொண்டுவர இயலாமைக்கு இவ்வேறுபாடு முதற்காரணம். குறுகிய வில்லில் ஒரு பாகைப் பிழையும் பெரிதாகும்.

வெப்பமண்டலம் ஒரு வசதியையும் தருகிறது. இங்கு ஞாயிறு ஏறத்தாழச் செங்குத்தாக எழுகிறது. அடிவானத்தில் ஒரு பாகை உயரமுள்ள குன்று மறைத்தாலும் எழுதிசை கால் பாகை அளவே மாறும். ஸ்டோன்ஹெஞ்சு அகலாங்கில் ஜூன் கதிர்த்திருப்பத்தன்று அதே குன்று ஒன்றரைப் பாகைக்கு மேல் மாற்றத்தை விளைவிக்கும். எனவே அடிவான உயரத்தைத் துல்லியமாக அளக்க இயலாத பழைய பதிவுகளும் தென்னிந்தியாவில் ஓரளவு பயன்படும்.

நாள்தோறும் நிகழும் மாற்றத்தின் அளவும் கருதத்தக்கது. சமஇரவையொட்டி எழுதிசை நாளொன்றுக்கு 0.4 பாகை நகர்கிறது. ஞாயிற்று வட்டத்தின் விட்டமோ ஏறத்தாழ அரைப் பாகை. கதிர்த்திருப்பத்தையொட்டி இயக்கம் மிக மெதுவாகும். திருப்ப நாளுக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் எழுதிசை மாற்றம் பத்தில் ஒரு பாகைக்கும் குறைவு. இதனால் இரு விளைவுகள் உள்ளன. ஒன்று, கதிர்த்திருப்ப நாளை எழுதிசை கொண்டு நாள்துல்லியமாக அறிதல் அரிது. மற்றொன்று, வடகிழக்குப் பருவமழை மேகம் டிசம்பர் 21 அன்று வானை மூடினாலும், அதனையொட்டிய தெளிந்த காலையொன்றில் நோக்கினால் போதும். சமஇரவுக்கு இச்சலுகை இல்லை.

காலப் பழமையும் ஒரு வேறுபாட்டைத் தருகிறது. புவியச்சின் சாய்வு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் 23.8 பாகை அளவில் இருந்தது, இன்று 23.4 பாகை. சாத்தாங்காட்டு அகலாங்கில் இதனால் கதிர்த்திருப்ப எழுதிசையில் ஏற்படும் மாற்றம் 0.4 பாகை மட்டுமே. எனவே கதிர்த்திருப்பப் பொருத்தத்தைக் கொண்டு ஒரு சின்னத்தின் காலத்தைக் கணித்தல் ஏற்புடையதன்று. கல்லின் பருமனே இம்மாற்றத்தை விழுங்கிவிடும்.

2. நாட்காட்டிச் சிக்கல்

தமிழ்ச் சூழலில் மிகுதியாக நேரும் பிழை நாள் பற்றியது. தை முதல் நாள் உத்தராயணத் தொடக்கமாகவும் சித்திரை முதல் நாள் விஷுவாகவும் மரபில் வழங்குகின்றன. இந்நாட்களில் நோக்கிய திசையைக் கதிர்த்திருப்பத் திசை அல்லது சமஇரவுத் திசை எனப் பதிவுசெய்தல் எளிதில் நிகழக்கூடியது. தமிழ் ஞாயிற்று ஆண்டு விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. புவியச்சின் மெதுவான சுழற்சியால் விண்மீன் ஆண்டின் தொடக்கம் சமஇரவிலிருந்து ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிச் செல்கிறது. இன்று அவ்விலகல் மூன்று வாரத்தைக் கடந்துவிட்டது. மேகநாத சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955ஆம் ஆண்டு அறிக்கையில் இவ்விலகலை விரிவாக ஆராய்ந்தது. 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டி, சைத்திரத்தைச் சமஇரவுக்கு அடுத்த நாளில் தொடங்குவது இதன் விளைவே.

விலகலின் அளவைச் சாத்தாங்காட்டுக் கணக்கு தெளிவாகக் காட்டும். ஜனவரி 14 அளவில் வரும் தை முதல் நாளன்று ஞாயிறு கிழக்கிலிருந்து தெற்கே 22 பாகையில் எழுகிறது. டிசம்பர் கதிர்த்திருப்பத் திசையிலிருந்து 2 பாகைக்குச் சற்று மேல் விலகல். ஏப்ரல் 14 அளவில் வரும் சித்திரை முதல் நாளன்றோ எழுதிசை நேர்கிழக்கிலிருந்து வடக்கே 9.6 பாகை. இது ஞாயிற்று வட்டத்தைப் போலப் பதினெட்டு மடங்கு. சித்திரை விஷுவன்று ஒரு கல்வரிசையின் வழியே ஞாயிறு எழுவது உண்மையானால், அவ்வரிசை சமஇரவுத் திசையை நோக்கவில்லை என்பதற்கே அது சான்றாகும். ஐப்பசி விஷுவிலும் இதே அளவு விலகல் தெற்கு நோக்கி அமையும்.

சமஇரவு என்னும் கருத்தே மேலும் ஒரு வினாவை எழுப்புகிறது. கதிர்த்திருப்பத்தில் ஞாயிறு ஓர் எல்லையைத் தொட்டுத் திரும்புவதைக் கண்ணால் காணலாம். சமஇரவுக்கு அடிவானத்தில் அத்தகைய அடையாளம் இல்லை. இரு திருப்ப நாட்களுக்கு இடைப்பட்ட நாட்களை எண்ணிப் பாதியாக்கினால் கிடைக்கும் நாள், வானியல் சமஇரவிலிருந்து இரண்டு நாள் வேறுபடும். திசையில் இது 0.8 பாகை. இரு எல்லைத் திசைகளின் நடுப்புள்ளியைக் கொண்டால் அடிவான மேடுபள்ளத்திற்கேற்ப வேறொரு திசை கிடைக்கும். பண்டையோர் கருதியது எந்தச் சமஇரவு என்னும் இவ்வினாவைக் கிளைவ் ரகிள்ஸ் 1997இல் முறையாக எழுப்பினார். தமிழகத்தில் சமஇரவுப் பொருத்தத்தை முன்வைப்போர் இதற்கு விடை கூறியாக வேண்டும்.

3. தென்னிந்தியச் சான்றுகள்

கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வு பெருங்கற்காலப் பண்பாட்டின் கால வரையறைக்கு அடித்தளமிட்டது. அவ்விடத்துக் கல்வட்டங்களின் அமைப்புத் திசைகளை ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் எல்லைத் திசைகளோடு ஒப்பிட்டு வானியலாளர் என். காமேஸ்வர ராவ் 1993இல் ஆய்வு வெளியிட்டார். பின்னர், சிவமொக்கா மாவட்டத்தின் நிலஸ்கல், பைசே ஆகிய இடங்களின் நெடுங்கல் தொகுதிகளை ஸ்ரீகுமார் மேனன், மயங்க் வாஹியா, கைலாஷ் ராவ் ஆகியோர் ஆராய்ந்தனர். சில இணைக் கற்களை இணைக்கும் கோடுகள் கதிர்த்திருப்ப நாட்களின் எழுதிசை, மறைதிசைகளோடு பொருந்துவதாக அவர்கள் 2012இல் கரண்ட் சயின்ஸ் இதழில் அறிவித்தனர்.

வடகர்நாடகத்தின் விபூதிஹள்ளி, ஹனம்சாகர் ஆகிய இடங்கள் வேறு வகையின. இங்கு நூற்றுக்கணக்கான பாறைகள் கட்டம் போன்ற ஒழுங்கில் வரிசையாக இடப்பட்டுள்ளன. விபூதிஹள்ளியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெடோஸ் டெய்லர் பதிவுசெய்தார். இவ்வகை வரிசைகளை எஃப். ஆர். ஆல்சின் 1956இல் தொகுத்து ஆராய்ந்தார். தெலங்கானாவின் முடுமால் நெடுங்கற்கள் பற்றி ஐதராபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. பி. ராவ் முன்வைத்த வானியல் விளக்கம் பரவலாக அறியப்பட்டது. அவ்விடம் 2025 மார்ச்சில் யுனெஸ்கோவின் உலக மரபு உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்விடங்கள் அனைத்திற்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு. அவை பல கற்களின் தொகுதிகள். ஒற்றை நெடுங்கல் தானாக எத்திசையையும் சுட்டாது. நோக்குவோர் நிற்குமிடத்தை வரையறுக்க இரண்டாவது அடையாளம் தேவை. தமிழகத்தில் தனித்து நிற்கும் குத்துக்கற்களுக்கு இவ்விரண்டாவது அடையாளம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

4. தற்செயலின் அளவு

கற்கள் பலவாகும்போது வேறொரு இடர் எழுகிறது. இருபது கற்கள் உள்ள ஒரு தொகுதியில் இரண்டிரண்டாக இணைத்தால் 190 கோடுகள் கிடைக்கும். சமமான அடிவானத்தில் ஒரு கதிர்த்திருப்பத்தின் எழுதிசைக்கு நேர் எதிரானது மற்றொரு கதிர்த்திருப்பத்தின் மறைதிசை. ஆகவே ஞாயிற்றுக்குரிய சிறப்புக் கோடுகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் ஒரு பாகை பிழை எல்லை அனுமதித்தால், 180 பாகையில் 6 பாகை, அதாவது முப்பதில் ஒரு பங்கு, பொருத்தம் எனக் கொள்ளப்படும். 190 கோடுகளில் ஆறு கோடுகள் எவ்வகைத் திட்டமும் இன்றியே பொருந்திவிடும் என்பது இதன் பொருள். அந்த ஆறு கோடுகளை மட்டும் வரைபடத்தில் காட்டி எஞ்சிய 184 கோடுகளை விட்டுவிட்டால், தற்செயல் திட்டமாகத் தோற்றமளிக்கும்.

ஐரோப்பிய ஆய்வு இப்படிப்பினையைப் பெரும் விலை கொடுத்தே பெற்றது. 1963இல் ஜெரால்டு ஹாக்கின்ஸ் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பல வானியல் பொருத்தங்களைக் கணினி கொண்டு முன்வைத்தார். தொல்லியலாளர் ரிச்சர்டு அட்கின்சன் 1966இல் அவற்றைக் கடுமையாக மறுத்தார். பின்னர் ரகிள்ஸ் மேற்கு ஸ்காட்லாந்தின் 300 இடங்களை, எவற்றை அளப்பது என்பதை முன்கூட்டியே விதியாக வகுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அவ்வாறு அளந்தபோது, அதிதுல்லியப் பொருத்தங்கள் பற்றிய கூற்றுகள் பெரிதும் வலுவிழந்தன. பொதுவான திசைவிருப்பங்கள் சில மட்டும் எஞ்சின. அளந்து முடித்தபின் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்காமல், அளக்குமுன் தேர்வு விதியை எழுதிவைத்தலே அவ்வாய்வின் முதன்மையான கொடை.

கட்ட ஒழுங்கில் அமைந்த கல்வரிசைகளுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. அங்கு நூற்றுக்கணக்கான கோடுகள் ஒரே திசையைக் காட்டினாலும் அவை தனித்தனிச் சான்றுகள் அல்ல. ஒரு வரிசையின் திசையை முடிவுசெய்தபின் ஏனையவை அதனைப் பின்பற்றுகின்றன. எண்ண வேண்டியது கோடுகளை அன்று. ஒன்றையொன்று சாராத திசைகளை.

5. தமிழகக் கற்களின் இயல்பு

தமிழகத்தில் கல் நடுதலுக்கு எழுத்துச் சான்றுள்ள நோக்கம் நினைவுகூர்தலாகும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் இதற்கு மிகத் தொன்மையான சான்றுகளுள் அடங்கும். அவற்றுள் ஒன்று ஆகோளில் இறந்தவனைக் குறிக்கிறது. தொல்காப்பியம் நடுகல் வழக்கை ஆறு படிநிலைகளாக வகுக்கிறது. அப்படிநிலைகளின் பெயர்களுள் திசை தெரிதல் தனிப் படியாக இடம்பெறவில்லை. இதனால் திசை கருதப்படவே இல்லை என்று முடிவுகட்ட இயலாது. எனினும், ஞாயிற்றுத் திசையை முதன்மை நோக்கமாகக் கூறும் கருதுகோள், நினைவுக்கல் என்னும் நிலைபெற்ற விளக்கத்தை விடக் கூடுதலாக எதனை விளக்குகிறது என்பதைக் காட்டும் பொறுப்பு அதனை முன்வைப்போருடையது.

சென்னையைச் சூழ்ந்த பகுதி இவ்வாய்வுக்கு வளமான களம். செங்கற்பட்டுப் பகுதியின் சாணூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்வு, கல்வட்டங்களையும் அவற்றினுள் சுடுமண் ஈமப்பேழைகளையும் வெளிப்படுத்தியது. திருவள்ளூர் மாவட்டத்து அமிர்தமங்கலத்தில் தாழிகள் அகழப்பட்டன. கொங்குப் பகுதியின் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் கற்பதுக்கைகளைத் தந்தன. கற்பதுக்கைகளிலும் கல்திட்டைகளிலும் பலகைக் கல்லில் இடப்பட்ட வட்டத் துளையாகிய இடுதுளை பல இடங்களில் கிழக்குப் பக்கத்தில் அமைந்துள்ளது.

இவ்விடுதுளைகளே நெடுங்கற்களை விடச் சிறந்த ஆய்வுப்பொருள் எனலாம். காரணங்கள் மூன்று. இடுதுளை தனக்குரிய திசையைத் தானே காட்டுகிறது. நோக்குமிடத்தை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு சின்னத்திற்கு ஒரு திசை என்பதால் கோடுகளைத் தேர்ந்தெடுக்கும் இடர் இல்லை. எண்ணிக்கையும் மிகுதி. மைக்கேல் ஹாஸ்கின் தெற்குப் போர்ச்சுகலையும் அதனை அடுத்த ஸ்பெயின் பகுதியையும் சார்ந்த 177 கல்லறைகளின் வாயில்களை அளந்து, அவை அனைத்தும் ஞாயிற்றின் எழுதிசை வில்லுக்குள் அடங்குவதைக் காட்டினார். ஒவ்வொரு கல்லறையும் கட்டத் தொடங்கிய நாளின் எழுகதிரை நோக்கி அமைக்கப்பட்டிருக்கலாம் என்பது அவர் விளக்கம்.

இதே சோதனையைத் தமிழகத்தில் நிகழ்த்தலாம். சாத்தாங்காட்டு அகலாங்கில் எழுதிசை வில் 65.9 முதல் 114.1 பாகை வரை. கிழக்கு நோக்கிய இடுதுளைகளின் திசைக்கோணங்கள் 90 பாகையில் மட்டும் குவிந்தால், நேர்கிழக்கைத் தனியே கண்டறியும் முறை வழக்கில் இருந்தது எனலாம். அவை வில் முழுவதும் பரவி, அதன் எல்லைகளில் அறுபட்டு நின்றால், அன்றன்றைய எழுகதிரே வழிகாட்டி எனலாம். அவை வில்லைக் கடந்தும் பரவியிருந்தால் ஞாயிற்றுக் கருதுகோள் வீழும். கருதுகோளை வீழ்த்தக்கூடிய இம்மூன்றாம் வாய்ப்பு இருப்பதே இச்சோதனையின் வலிமை. கிழக்கு என்று மட்டும் எழுதிவைத்த பழைய அகழாய்வுக் குறிப்புகள் இதற்கு உதவா, பாகையளவு தேவை.

6. நண்பகல் நிழல்

அடிவானத் திசைகளுக்கே முதன்மை தருவது வடநாடுகளின் வானியல்பிலிருந்து வந்த வழக்கம். வெப்பமண்டல வானில் ஞாயிறு தலைக்கு நேர்மேலே வரும் நாள் உண்டு. இவ்வேறுபாட்டை அந்தோணி அவெனி 1981இல் வலியுறுத்தினார். சாத்தாங்காட்டில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகியவற்றையொட்டி நண்பகலில் நிழல் மறைகிறது. ஒரு மீட்டர் உயரக் கோலின் நண்பகல் நிழல் சமஇரவில் வடக்கே 23 செ.மீ., டிசம்பர் கதிர்த்திருப்பத்தில் வடக்கே 74 செ.மீ., ஜூன் கதிர்த்திருப்பத்தில் தெற்கே 18 செ.மீ. நிழல் பக்கம் மாறும் நாளை எவரும் எளிதில் உணரலாம். நிறுத்தப்பட்ட எக்கல்லும் இதற்கு நிழற்கோலாகும்.

தமிழிலக்கியச் சான்று இதனோடு இயைகிறது. நெடுநல்வாடை அரண்மனைக்கு நிலம் வகுக்கும் பகுதியில், நண்பகலில் இரு கோல்களின் நிழல் கொண்டு திசை அறிந்து நூலிடுதலைக் கூறுகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இச்செயலைச் சித்திரைத் திங்களின் நடுப்பத்து நாட்களோடு இணைத்து உரைக்கிறார். நிழலற்ற நாள் இடத்தின் அகலாங்கையும் நாட்காட்டியின் விலகலையும் பொறுத்து மாறும். இன்றைய கணக்கில் சாத்தாங்காட்டில் அது சித்திரை 11 அளவில் அமைகிறது. இலக்கியம் குறிப்பிடும் நுட்பம் நண்பகல் சார்ந்தது. ஆய்வோ அடிவானத்தையே தேடுகிறது என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

நேர்கிழக்கைக் கண்டறிய நிழற்கோலைச் சுற்றி வட்டம் வரைந்து, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் புள்ளிகளை இணைக்கும் முறை காத்யாயன சுல்பசூத்திரத்தில் உள்ளது. இம்முறை ஞாயிற்றின் விலக்கம் நாளுக்குள் மாறாதபோது மிகத் துல்லியமாகும். ஆகவே அதற்கு உகந்த காலம் கதிர்த்திருப்பத்தையொட்டியது.

7. நோக்கம் அறியப்பட்ட ஒரு கல்

சென்னையிலேயே வானியலுக்கென நிறுத்தப்பட்ட கல்லொன்று உண்டு. வில்லியம் பெட்ரி 1786இல் தொடங்கிய தனியார் வானாய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1790இல் ஏற்றது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் அமைத்த கருங்கல் தூண், உச்சிவட்டக் கடப்பை அளக்கும் தொலைநோக்கியைத் தாங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு பொறிக்கப்பட்ட அத்தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளது.

கல்வெட்டும் ஆவணங்களும் அழிந்து தூண் மட்டும் எஞ்சியிருந்தால் அதன் நோக்கத்தை எவராலும் அறிய இயன்றிராது. திசை, கருவியில் இருந்தது, கல்லில் இல்லை. மறுதலையாக, அத்தூணுக்கும் அருகிலுள்ள ஏதேனும் ஒரு கல்லுக்கும் இடையே கோடு வரைந்து கதிர்த்திருப்பப் பொருத்தம் காண்பது அரிதன்று. வானியல் நோக்கமுடைய கல் திசை காட்டாதிருக்கலாம்; திசை காட்டுவதாகத் தோன்றும் கல்லுக்கு வானியல் நோக்கம் இல்லாதிருக்கலாம். சான்று என்பது கல்லுக்கு அப்பாலும் தேடப்பட வேண்டியது.

8. களநெறிகள்

களப்பணிக்குச் செல்லுமுன் கருவியையும் முறையையும் அறிந்த இடத்தில் சரிபார்த்தல் நன்று. வடசென்னைக் கல்லூரிகளுக்குச் சாத்தாங்காட்டுச் சூழல் இதற்குப் பொருத்தமானது. கிழக்கே திருவொற்றியூர்க் கரையில் கடலடிவானம் சமமாகக் கிடைக்கிறது; மேற்கே மணலியின் ஆலைப் புகைபோக்கிகளும் கட்டடங்களும் அடிவானத்தை மறைக்கின்றன. ஒரே ஊரில் இருவகை அடிவானத்தையும் பயிலலாம்.

முதலாவது, காந்த ஊசியை மட்டும் நம்புதல் கூடாது. ஊசி காட்டுவது காந்த வடக்கு. அதனைப் புவி வடக்காகத் திருத்த வேண்டும். இரும்பின் அருகில் திருத்தமும் பயன்தராது. சாத்தாங்காட்டு இரும்பு எஃகு அங்காடியின் அருகே ஒரே கோட்டை இருமுனையிலிருந்தும் அளந்து ஒப்பிட்டால் இவ்விடர் தெளிவாகும். இரும்புச்சத்து மிகுந்த பாறைகள் உள்ள களத்திலும் இதே இடர் உண்டு.

இரண்டாவது, கைப்பேசியின் செயற்கைக்கோள் இருப்பிடத்தைக் கொண்டு குறுங்கோடுகளின் திசையைக் கணித்தல் ஆகாது. இருப்பிடப் பிழை 5 மீட்டர் எனில், 10 மீட்டர் இடைவெளியுள்ள இரு கற்களின் திசை 25 பாகைக்கு மேலும் பிழைபடும். அப்பிழை எழுதிசை வில்லில் பாதியை விழுங்கும். கோணமானி கொண்டு ஞாயிற்றையே நோக்கி, நேரத்தைக் குறித்து, வடக்கை நிறுவுவதே தக்கது.

மூன்றாவது, நண்பகல் என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அன்று. இந்திய நேரம் 82.5 பாகை நெட்டாங்கிற்குரியது. சாத்தாங்காடு அதற்கு மேற்கே இருப்பதால் 9 நிமிடம் கூட்ட வேண்டும். ஞாயிற்று நேரத்தின் ஆண்டு வேறுபாட்டையும் சேர்த்தால், நண்பகல் மார்ச் சமஇரவில் 12.16 மணிக்கும் செப்டம்பர் சமஇரவில் 12.01 மணிக்கும் அமையும்.

நான்காவது, கல்லின் பருமனைப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு மீட்டர் அகலமுள்ள கல் 20 மீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 3 பாகையை மறைக்கும். இத்தகைய கல்லுக்குப் பத்தில் ஒரு பாகைத் துல்லியத்தில் முடிவு கூறுதல் பொருந்தாது. சாய்ந்த கல், பெயர்த்து நடப்பட்ட கல் ஆகியவை தனியே குறிக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, பொருந்தாத அளவுகளையும் வெளியிட வேண்டும். தொகுதியிலுள்ள எல்லாக் கற்களின் இடமும் எல்லா இடுதுளைகளின் திசைக்கோணமும் பட்டியலாகத் தரப்பட்டால்தான் பிறர் சரிபார்க்க இயலும்.

முடிவுரை

சாத்தாங்காட்டு அகலாங்கில் ஞாயிற்றின் எழுதிசை வில் 48 பாகை. சித்திரை முதல் நாளுக்கும் சமஇரவுக்கும் இடையே திசையில் 9.6 பாகை வேறுபாடு. இருபது கற்களில் ஆறு தற்செயல் பொருத்தங்கள். இவ்வளவைகளை முன்வைத்து நோக்கும்போது, ஒரு நாளில் ஒரு கல்லின் பின்னே ஞாயிறு எழுந்த காட்சி தனியே சான்றாகாது என்பது புலனாகிறது. கர்நாடக, தெலங்கானாத் தொகுதிகளில் எழுந்த கருத்தைத் தமிழகத்தில் சோதிக்கும் வழி, இடுதுளைத் திசைகளைப் பெருந்தொகையாகப் பாகையளவில் அளத்தலும் நண்பகல் நிழலைக் கருத்தில் கொள்ளலுமாகும். சாணூர், அமிர்தமங்கலம் போன்ற இடங்களின் எஞ்சிய சின்னங்கள் நிலைத்திருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும். முடிவு ஞாயிற்றுக் கருதுகோளுக்குச் சார்பாக அமைந்தாலும் எதிராக அமைந்தாலும், சின்னங்கள் அழிந்த பின்னும் அவ்வளவுப் பட்டியல் ஆய்வுக்கு எஞ்சியிருக்கும்.